மேற்கு வெயில் விழும் ஹால்: நீரா, உலோகமா, மண்ணா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் சோபாவின் கைப்பிடியைத் தொட்டால், அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த சட்டை மாதிரி சுடும். சிங்கப்பூரின் செங்காங்கில் பதினோராவது மாடி, நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஹால் ஜன்னல் நேர் மேற்கு. எதிரே மறைக்க ஒரு புளோக்கும் இல்லை. மூன்று மணிக்கு உள்ளே வருகிற வெயில், ஏழு மணிக்குச் சூரியன் இறங்கும்வரை நகராது. வீடு பார்க்கப் போனது காலை பத்து மணிக்கு. ஹால் அப்போது குளுகுளுவென்று இருந்தது. அந்தத் தப்பை யார் தலையிலும் போட முடியாது.

அந்த ஹாலுக்குள் நாங்கள் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். செங்கல் நிறத்தில் சோபா. ஆரஞ்சுத் திரைச்சீலை. கூம்பு மாதிரி மேலே குறுகும் விளக்கு. 55 அங்குல டிவி. தரை முழுக்க தேக்குப் பலகை போலவே அச்சடித்த வினைல். கூரையைத் தொடுகிற மர ஷோகேஸ். ஜன்னல் கம்பி நெடுகப் படர்ந்த மணி பிளான்ட்.

பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுக்க வந்தவர், வாசலிலேயே நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இவ்வளவு தீயா! உங்களுக்குள் சண்டை வருவதில்லையா?" என்றார். வரும்தான். பெரும்பாலும் ஏர்கான் பில்லைப் பற்றி.

தீயைக் குறைக்க மீன்தொட்டி வைக்கச் சொன்னார் ஆன்ட்டி. ரெனவேஷன் கான்ட்ராக்டரோ சுவர், திரை, சோபா எல்லாவற்றையும் வெள்ளைக்கு மாற்றிவிடச் சொன்னார். உள் அலங்காரம் படித்த தோழியின் தீர்ப்பு: "மண் நிறம், மண் சாமான். வேற எதுவும் வேணாம்." சீனர்களின் வாஸ்து என்று சொல்லத்தக்க ஃபெங் சுயி கணக்கில் இவை மூன்றும் மூன்று வெவ்வேறு மருந்து. எது எங்கள் ஹாலுக்குப் பொருந்தும் என்று பார்க்க உட்கார்ந்தது சில வாரங்களைத் தின்றுவிட்டது. அதே கேள்வியோடு மேற்கு பார்த்த வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஐம்பூதம் அல்ல, ஐந்து நடை

ஃபெங் சுயி என்றதும் நம்மவர்கள் "நம்ம பஞ்சபூதம்தானே" என்று இறங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இறங்கினேன். நம் கணக்கு நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். அவர்களுடைய ஐந்தில் காற்றும் ஆகாயமும் கிடையாது. மரமும் உலோகமும் உண்டு. 'ஃபெங்' என்றால் காற்று, 'சுயி' என்றால் நீர். பெயரிலேயே காற்றை வைத்துக்கொண்டு, ஐந்தில் அதைச் சேர்க்காமல் விட்ட கலை இது.

சீனத்தில் இந்த ஐந்துக்கும் 'வூ சிங்' என்று பெயர். 'சிங்' என்றால் நடப்பது, போவது. ஆகவே இவை பொருள்கள் என்பதைவிட ஐந்து விதமான போக்கு என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. மரம் மேல்நோக்கி வளரும், தீ கொழுந்துவிட்டு ஏறும், மண் இருந்த இடத்தில் இருக்கும், உலோகம் உள்ளுக்குள் இறுகும், நீர் கீழே இறங்கும். பச்சையும் நெட்டையான வடிவமும் மரம். சிவப்பும் முக்கோணமும் கூம்பும் தீ. மஞ்சள், பழுப்பு, சதுரம் மண். வெள்ளை, சாம்பல், வட்டம் உலோகம். கறுப்பு, கருநீலம், அலைபோல் நெளியும் வடிவம் நீர். வடிவம் விளையாட்டு விஷயமல்ல. 1990இல் ஹாங்காங்கில் எழுந்த பேங்க் ஆஃப் சைனா கோபுரத்தின் முக்கோணங்களையும் கூரான விளிம்புகளையும் பார்த்து, கத்தியைத் தங்கள் பக்கம் நீட்டுகிறது என்று சுற்றுவட்டாரமே முணுமுணுத்தது.

எனக்கு இது மனத்தில் நின்றது கோள்களின் பெயரால். சீனர்கள் செவ்வாயைத் தீக்கோள் என்றும் வெள்ளியை உலோகக்கோள் என்றும் சொல்கிறார்கள். சிவந்தது செவ்வாய், உலோகம் வெள்ளி: தமிழிலும் அச்சாகப் பொருந்துகிறதே! வியாழன் மரம், புதன் நீர், சனி மண் என்ற மற்ற மூன்றையும் மனப்பாடம்தான் செய்யவேண்டியிருந்தது.

இனி உறவுமுறை. விறகு எரிந்தால் தீ. தீ அடங்கினால் சாம்பல், அது மண். மண்ணைத் தோண்டினால் உலோகம். குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் பூக்கும். நீர் விட்டால் மரம். இது பெற்றெடுக்கும் வரிசை. அடக்கும் வரிசை தனி: வேர் மண்ணைப் பிளக்கும், கரை நீரை நிறுத்தும், நீர் தீயை அணைக்கும், தீ உலோகத்தை உருக்கும், கோடரி மரத்தை வெட்டும். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்கு உண்மையில் உதவுவது மூன்றாவது. பிள்ளைக்குக் கொடுத்துக் கொடுத்துத் தாய் இளைக்கிற மாதிரி, ஒன்று பெற்றது அதையே தளர்த்தும். தீ பெற்ற பிள்ளை மண். ஆகவே மண்ணைப் பக்கத்தில் வைத்தால் தீ சண்டையில்லாமல் தணியும்.

இப்படிப் பார்த்தால் மூன்று யோசனைகளும் தெளிவாகிவிடும். மீன்தொட்டி தீயை அடிப்பது. வெள்ளையும் வட்டமும், தீக்குத் தீனி போடும் மரத்தை வெட்டுவது. மண் சாமான், தீயைத் தளரவைப்பது. யாரும் சொல்லாத நாலாவது ஒன்று இருக்கிறது. புதிதாக ஒன்றும் சேர்க்காமல் விறகை எடுத்துவிடுவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார் சொல்வதைக் கேட்பது

எந்தப் பொருளை வைப்பது என்பதற்கு முன்னால், எங்கள் ஹால் எந்தப் பூதம் என்பதிலேயே சிக்கல் வந்தது. (பூதம் என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன், கை பழகிவிட்டது.)

திசைகாட்டிப்படி பார்த்தால் மேற்கு உலோகம், வடக்கு நீர், தெற்கு தீ, கிழக்கும் தென்கிழக்கும் மரம், தென்மேற்கும் வடகிழக்கும் நடுவும் மண், வடமேற்கு மறுபடி உலோகம். அப்படியானால் என் ஜன்னல் உலோகம். ஆனால் தாமஸ் லின் யுன் அமெரிக்காவில் பரப்பிய 'கறுப்புத் தொப்பி' மரபு திசைகாட்டியை ஒதுக்கிவிடுகிறது. வாசலில் நின்று உள்ளே பார்க்க வேண்டும். வாசல் சுவரின் நடு நீர், எதிர்ச்சுவரின் நடு தீ. எங்கள் வாசல் கிழக்குச் சுவரில், ஜன்னல் நேர் எதிரே. ஆக அதே ஜன்னல் ஒரு கணக்கில் உலோகம், இன்னொரு கணக்கில் தீ. இணையத்தில் கிடைக்கும் அழகான எட்டுக் கட்டப் படங்களில் பாதி இந்த வகை, பாதி அந்த வகை. இரண்டையும் கலந்து படித்துத்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

திசைகாட்டியை எடுத்தாலும் நிம்மதி இல்லை. பாம் ஷெல்டரின் (வீட்டுக்குள்ளேயே கட்டித் தரும் குண்டுப் பாதுகாப்பு அறை) இரும்புக் கதவருகே நின்று ஃபோனைப் பார்த்தேன். முள் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டடி தள்ளி நின்றால் வேறு எண். எட்டுத் திசைக்கும் ஆளுக்கு 45 டிகிரிதான் பங்கு. முள் இருபது டிகிரி பிசகினால் மண் மூலை மரமாகிவிடும். கதவையும் ஜன்னல் கம்பிகளையும் விட்டு விலகி, வெளியே தாழ்வாரத்திலும் உள்ளேயும் மூன்று நாலு இடத்தில் பார்த்து, ஒத்துவருகிற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி பிறந்த வருடம். இதுதான் கேலிக்கூத்து. வருடத்தின் கடைசி எண் 4, 5 என்றால் மரம். 6, 7 தீ. 8, 9 மண். 0, 1 உலோகம். 2, 3 நீர். வருடம் பிப்ரவரி 4 வாக்கில்தான் மாறும். என் கணவர் 1984. சீனர்களின் அறுபது வருடச் சுற்று தொடங்கிய ஆண்டு அது. நான் 1987, நம் அறுபதில் முதலாவதான பிரபவ. எங்கள் கல்யாணத்தில் பார்க்கத் தவறிய பொருத்தம் இது ஒன்றுதான். இந்தக் கணக்கில் அவர் மரம், நான் தீ. அவர் விறகு, நான் அடுப்பு. ஆனால் 'குவா' எண் என்று இன்னொரு கணக்கு உண்டு. 2000க்கு முன் பிறந்த ஆணுக்கு, 100இலிருந்து வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தைக் கழித்து ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். 16ஐ வகுத்தால் மீதி 7, அது உலோகம். பெண்ணுக்கு அந்த இரண்டு இலக்கத்திலிருந்து 4 கழித்து வகுக்க வேண்டும். 83க்கு மீதி 2, அது மண். இப்போது நான் மண், அவர் என்னிடமிருந்து பிறக்கும் உலோகம். ஒரு கணக்கில் அவர் எனக்குத் தீனி, இன்னொன்றில் நான் அவருக்கு. பிறந்த நாளையும் நேரத்தையும் வைத்து ஜாதகம் போடுகிறவரிடம் போனால் மூன்றாவது பதில் வரும்.

நாலாவது, காலக் கணக்கு. 2024 பிப்ரவரியிலிருந்து இருபது வருடத்துக்கு 'ஒன்பதாம் காலம்', அதன் பூதம் தீ. ஃபோனிலேயே ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிக் கேட்டேன். இது தீயின் காலம், ஜன்னலில் ஒரு ஜோடி சிவப்பு விளக்கு தொங்கவிடுங்கள் என்றார். "எங்க ஹாலுக்கு மேற்கு வெயில் வருதுங்க" என்றேன். அதனால் என்ன என்றார். ஏற்கெனவே சுடுகிற அறை என்பதை அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த 150 வெள்ளிக்கு நான் கற்றுக்கொண்டது, முதலில் அறையைப் பார்க்கிற முறையை நம்பலாம் என்பது. ஃபெங் சுயியின் பழைய வேரும் அதுதான்: மலை எங்கே, ஆறு எங்கே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது. தெற்கு தீ, வடக்கு நீர் என்ற பங்கீடு சீன நிலத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது; அங்கே வெயில் தெற்கிலிருந்து வரும், குளிர்காற்று வடக்கிலிருந்து வரும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. வருடத்தில் ஏறக்குறையப் பாதி நாள் சூரியன் நமக்கு வடக்கே போகிறது, பாதி நாள் தெற்கே. இங்கே தீ வருகிற திசை மேற்கு. என் சோபாவின் கைப்பிடிக்கு அது தெரியும்.

ஆகவே திசையை இரண்டாவதாக வைத்துக்கொண்டேன். பிறந்த வருடத்தை விட்டுவிட்டேன்.

மீன்தொட்டி

ஆன்ட்டியின் யோசனையை முதலில் எடுத்ததற்குக் காரணம் அவர்மேல் உள்ள அன்பு. நீர் தீயை அணைக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. அளவில்தான் சந்தேகம். சிறிய நீரைப் பெரிய தீயின் முன் வைத்தால் தீதான் நீரைக் காயவைக்கும் என்று ஃபெங் சுயியே சொல்கிறது. எதிர்க்கப் போனது அவமானப்பட்டுத் திரும்புகிற கதை.

இரண்டடித் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர். கொள்ளளவு 54 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டும் 54 கிலோ. கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் சாதாரண டிவி மேசை தாங்காது; தனி ஸ்டாண்டு வேண்டும். நேர் வெயிலில் தொட்டி சூடாகும், பாசி பிடிக்கும். பாசி பிடித்துப் பச்சையாகிவிட்ட தொட்டி நீரா, மரமா? நீர் மரத்தை வளர்த்து, மரம் தீயை வளர்த்தால் போட்ட காசு எதற்கு? வெயில் படாத வடக்குச் சுவருக்குத் தள்ளலாம். திசைப்படியும் அது நீரின் இடம். எங்கள் வீட்டில் அங்கே பாம் ஷெல்டர் கதவு.

நீர் என்றால் தொட்டிதான் என்றில்லை. பலரும் கண்ணாடியை நீராகக் கணக்கில் எடுப்பார்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டியவர் வீட்டுக்கு ஒருநாள் சாயங்காலம் போனேன். ஒரு சூரியன் இரண்டாகி, ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் கூசியது. தண்ணீர்க் குவளையில் நிற்கும் 'லக்கி பேம்பூ' இன்னொரு வழி. தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும். கொசு முட்டையிட்டால் அதிர்ஷ்டம் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வடிவில் கதவைத் தட்டும்.

நீரைப் பெரிதாகச் செய்து காட்டிய இடம் சன்டெக் சிட்டி. 1995இல் திறந்த 'செல்வ நீரூற்று'. வெண்கல வளையம், அதிலிருந்து தண்ணீர் உள்நோக்கி விழும். உலோகம் நீரைப் பெறும் என்பதை அங்கே நின்று பார்த்தால் சட்டென்று புரியும். அதைச் சுற்றி ஐந்து கோபுரங்களும் பெரிய வணிக வளாகமும் இருக்கின்றன. அந்த நினைப்பில் பன்னிரண்டு அடி ஹாலில் மின்சார நீரூற்றுப் பொம்மையை வைத்தால் கிடைப்பது மோட்டார் சத்தம்தான்.

நீரில் எங்களுக்குப் பயன்பட்டது ஒன்றே ஒன்று. சோபாவின் காலடியில் கருநீல ஜமுக்காளம். நிறம் கண்ணைக் குளிர்விக்கிறது, பராமரிப்பு கிடையாது.

வெள்ளையும் பித்தளையும்

கான்ட்ராக்டர் ஃபெங் சுயி பார்த்துச் சொல்லவில்லை. வெள்ளை பெயின்ட் அவருக்குச் சுலபம். ஆனாலும் அதில் ஒரு பாதி சரி. வெள்ளை ரோலர் பிளைண்டு வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். ஆரஞ்சுத் திரையை எடுத்துவிட்டு இதைப் போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது. இது பூதக் கணக்கா வெறும் பௌதிகமா என்று என்னைக் கேட்காதீர்கள். திசைப்படி மேற்கு உலோகத்தின் வீடு என்பதால் இரண்டு கட்சியும் சம்மதம்.

ஆனால் முழு ஹாலையும் உலோகமாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. தீ உலோகத்தை உருக்கும் என்பது பாட்டு மாதிரி ஒரு வரி. ஜன்னலோரம் வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தைச் சாயங்காலம் எடுத்தபோதுதான் அதன் பொருள் விரலில் ஏறியது. வெயிலுக்கு நேரே பளபளக்கும் உலோகம் தீயின் கட்சியில் சேர்ந்துவிடுகிறது. மேலும், வெள்ளைச் சுவர், கண்ணாடி மேசை, ஸ்டீல் கால் நாற்காலி என்று போனால் பேச்சு எதிரொலிக்கும். ஹால் பல் மருத்துவர் அறை மாதிரி ஆகிவிடும். எங்களுக்கு உலோகம் ஏற்கெனவே ஒரு பெரிய கதவாக நிற்கிறது. பாம் ஷெல்டர் கதவை மாற்றவோ எடுக்கவோ கூடாது. அதை மறைக்கப் படம் ஒட்டிப் போராடுகிறவர்கள் பலர். அதை அப்படியே சாம்பல் நிறத்தில் விட்டு, "எங்கள் உலோகம் இதுதான்" என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.

குத்துவிளக்கை எதில் சேர்ப்பது என்று கணவர் கேட்டார். பித்தளை உலோகம், சுடர் தீ, எண்ணெய் மரத்திலிருந்து வந்தது. அதை யார் கணக்கிலும் சேர்க்காமல் பூஜை அலமாரியிலேயே விட்டோம்.

மண்

எங்கள் ஹாலுக்கு வென்றது இதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

மண் தீயோடு மோதாது. செங்கல் நிற சோபாவை விற்கத் தேவையில்லை. அதன் பக்கத்தில் மணல் நிறம் வந்ததும் அந்தச் சிவப்பு கத்துவதை நிறுத்தியது. முழுக்க நீர் வழி போயிருந்தால் நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். உலோக வழி போயிருந்தால் வெள்ளைக்கு நடுவில் சோபா இன்னும் சிவப்பாகத் தெரிந்திருக்கும். அடக்குவதற்கும் தளர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

விலையும் குறைவு. பொங்கல் சமயத்தில் தேக்கா பக்கம் கேம்பல் லேனில் மண்பானைகள் குவிந்து கிடக்கும். அகல்விளக்கு தீபாவளிக்குக் கிடைக்கும். கொஞ்சம் செலவழிக்க மனமிருந்தால் ஜாலான் பஹாரில் 1940இல் கட்டிய டிராகன் சூளை இருக்கிறது. மலைச்சரிவில் பாம்பு படுத்திருப்பதுபோல் நீண்ட செங்கல் சூளை, விறகு போட்டுச் சுடுவது. அங்கே சுட்ட ஜாடியின் ஒரு பக்கம் சாம்பல் படிந்து தானே மெருகேறியிருக்கும். மரம் எரிந்து தீயாகி, தீ சாம்பலாகி மண்ணில் ஒட்டிக்கொண்ட கதை முழுவதும் அந்த ஒரு ஜாடியின் வயிற்றில் தெரியும்.

இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. டெரகோட்டா என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்டுவது பாதிக்குமேல் ஆரஞ்சுச் சிவப்பு. அது பேருக்கு மண், கண்ணுக்குத் தீ. ஏற்கெனவே சூடான ஹாலில் அதைச் சேர்த்தால் ஒரு படி கூடும். மணல், களி, கோதுமை, வெளுத்த மஞ்சள் இவையே வேலைக்காகும். உயரமும் முக்கியம். மண்ணின் போக்கு இருந்த இடத்தில் இருப்பது என்பதால் தாழ்வான, சதுரமான, கனமான சாமான் வேண்டும். நெட்டையான மண் ஜாடி வாங்கினால் வடிவத்தில் மரம் நுழைந்துவிடும். நாங்கள் வாங்கியது இரண்டு குட்டைச் சதுர மேசை, கோணித்துணி மாதிரி நெய்த மெத்தை உறை நாலு, கழுத்து அகன்ற ஜாடி ஒன்று. ஜாடியோடு சேர்த்து 210 வெள்ளி.

மண் அதிகமானால் அறை மந்தமாகும் என்பார்கள். எல்லாமே பழுப்பாக இருக்கும் ஹோட்டல் லாபியில் உட்கார்ந்தவர்களுக்கு அது புரியும். ஆகவே ஹாலில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினேன். அளவு என்னுடையது, எந்தச் சாத்திரமும் சொன்னதல்ல.

விறகை எடுப்பது

பைசா செலவில்லாத வழி. அதனாலோ என்னவோ காசு வாங்கி ஆலோசனை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. மணி பிளான்டை ஜன்னல் கம்பியிலிருந்து பிரித்துக் கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். அங்கே காலை வெயில் போதும், செடி முன்னைவிடச் செழிப்பு. மர ஷோகேஸ் கிழக்குப் படுக்கையறைக்குப் போனது. இரண்டு பேர் தூக்கி, கதவு நிலையில் இடித்து, பெயின்ட் பெயர்ந்து, அன்றைக்குச் சண்டையும் வந்தது. ஷோகேஸ் போன இடத்தில் ஹால் திடீரென்று மூச்சுவிட்டது.

வினைல் தரை மிச்சம். மரம்போல் இருக்கிறது, ஆனால் பிளாஸ்டிக். ஃபெங் சுயி பார்ப்பவர்களில் சிலர் நிறத்தைப் பார்ப்பார்கள், சிலர் பொருளைப் பார்ப்பார்கள். தரையைப் பெயர்க்கப் பணம் இல்லாததால் நான் பொருளைப் பார்க்கும் கட்சியில் சேர்ந்தேன்.

உங்கள் ஹால் எங்களுக்கு நேர்மாறாக இருக்கலாம். கீழ்மாடி, வடக்கு ஜன்னல், எதிரே புளோக், பகலிலும் விளக்கு போடவேண்டிய ஹாலுக்கு நான் மண்ணைச் சொல்லமாட்டேன். அங்கே எங்கள் செங்கல் நிற சோபாவும் பழைய ஆரஞ்சுத் திரையும்தான் மருந்து. அந்த ஆலோசகரின் சிவப்பு விளக்குக்கும் அங்கே வேலை உண்டு.

அம்மாவும் ஈசானியமும்

எல்லாம் அடுக்கி முடித்து, வீடியோ காலில் தஞ்சாவூரிலிருக்கும் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவுக்கு வாஸ்து.

"அந்த ஜாடி இருக்கே, அது எந்த மூலைடி?"

"வாசலுக்குப் பக்கத்துல. வடகிழக்கும்மா."

"ஈசானியத்துல போயி கனத்தைத் தூக்கி வச்சிருக்கியே! அங்க தண்ணிதான் இருக்கணும். அந்தச் செருப்பு ஸ்டாண்டை வேற அங்கதான் வச்சிருக்கே."

இந்த இடத்தில் இரண்டு சாத்திரமும் முட்டிக்கொள்கின்றன. வாஸ்துவில் வடகிழக்கு நீரின் மூலை, லேசாக, சுத்தமாக இருக்க வேண்டும். ஃபெங் சுயியில் அது மண், மலை. தென்கிழக்கு அங்கே அக்னி, இங்கே மரம். மரம் தீயை வளர்க்கும் என்பதால் தென்கிழக்குச் சமையலறையில் இரண்டும் சமாதானமாகப் போகும். வடமேற்கு அப்படியல்ல. தென்கிழக்கு கிடைக்காவிட்டால் அடுப்பை வடமேற்கில் வை என்று வாஸ்து விட்டுக்கொடுக்கும். ஃபெங் சுயிக்கோ அது 'வான்வாசலில் தீ', கூடவே கூடாத ஒன்று. தெற்கு வாசலை நம்மூரில் விலை குறைத்துக் கேட்பார்கள். சீனர்களின் பழைய வீடுகள் தெற்கு பார்த்தே கட்டப்பட்டன. இரண்டையும் வரிக்கு வரி கடைப்பிடிப்பது முடியாத காரியம். ஒன்றை மூலச்சட்டமாக வைத்துக்கொண்டு மற்றது மறுக்காத இடத்தில் மட்டும் அதற்கு இடம்கொடுக்கலாம்.

தென்மேற்கு அப்படிப்பட்ட இடம். வாஸ்துவில் கனம் ஏறவேண்டிய கன்னி மூலை, ஃபெங் சுயியில் மண். ஜாடியை அங்கே நகர்த்தினேன். செருப்பு ஸ்டாண்டு வெளியே போனது. வடகிழக்கு மூலை காலியானது.

"இப்ப அங்க ஒரு செம்புல தண்ணி வச்சு பூ போடு" என்றாள் அம்மா.

"கொசு வரும்மா. இங்க அபராதம் போடுவாங்க."

அம்மா கொஞ்சநேரம் யோசித்தாள். "அப்ப மூடி போட்ட மண்பானையில குடிதண்ணி வையி. குடிக்கவும் ஆச்சு."

மண்ணுக்குள் நீர். ஆன்ட்டியிடம் சொன்னபோது, மண் நீரை அடைத்துவிடுமே என்று முதலில் தலையை ஆட்டினார். பிறகு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, தம்ளர் எங்கே என்று கேட்டார். சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் அதிகம். பானையின் வெளிப்பக்கம் கசியும் நீர் சீக்கிரம் ஆவியாவதில்லை, அதனால் தஞ்சாவூர்ப் பானை மாதிரி தண்ணீர் சில்லென்று ஆகாது. லேசான குளிர்ச்சி, மண் வாசனை, அவ்வளவுதான். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, மீன்தொட்டி இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.